ஒரே இடத்தில் தங்கும் கேரவன் விடுமுறை: தென்மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறைக்குக் கிளம்பும் நம் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பலவும், இருக்கிற சில நாள்களுக்குள் எத்தனை ஊர்களைப் பார்த்து முடிக்கலாம் என்ற கணக்கோடுதான் புறப்படுகின்றன. சக்கரங்கள்மேல் அமைந்த சிறு வீடான கேரவனில் தங்கும் விடுமுறைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கேரவன்களை நிறுத்தித் தங்குவதற்கான வளாகமாகிய ஒரு கேரவன் பூங்காவைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே குறைந்தது ஐந்து இரவுகள் தங்கி, நாளுக்கு ஓர் இடம் என்று பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வண்டிக்குத் திரும்பிவிடும் குடும்பமே இந்த விடுமுறையின் முழுப் பலனையும் பெறுகிறது. தினமும் இடம் மாறினால், நாளின் பெரும்பகுதி மூட்டை கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே கழிந்துவிடும்.

இந்த முறைக்கு நமக்கு மிகவும் வசதியான வட்டாரம் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு முனை என்பது என் உறுதியான கருத்து. சாங்கியிலிருந்து பெர்த்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் விமானம் போய்ச் சேர்கிறது. இரண்டு ஊர்களிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டுவதால், குழந்தைகளின் தூக்கமும் பெரியவர்களின் மருந்து வேளையும் மாறுவதில்லை. அங்கேயும் சாலையின் இடப்பக்கமாகவே வண்டி ஓட்டுகிறார்கள். நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுப்பயணிகள் அதையே பயன்படுத்தலாம். சாலைக் கட்டணமும் கிடையாது. பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில், இரண்டரை மணி நேரப் பயணத்தில் பஸல்டன் என்னும் கடலோர ஊர் வருகிறது. அங்கிருந்து தெற்குக் கோடியிலுள்ள அகஸ்டா வரை நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுக்குள் கடற்கரை, குகை, காடு, கலங்கரை விளக்கம், திராட்சைத் தோட்டம் என எல்லாமே அமைந்திருக்கின்றன. பஸல்டன், டன்ஸ்பரோ, மார்கரெட் ரிவர் ஆகிய மூன்று ஊர்களுள் ஒன்றைத் தளமாக வைத்துக்கொண்டால், அகஸ்டாவைத் தவிர மற்ற எல்லா இடங்களும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் அடங்கிவிடும். சிறு குழந்தைகள் இருப்பவர்களுக்கு அலையடங்கிய கடலையொட்டிய பஸல்டனையும், காட்டுக்குள் நடப்பதை விரும்புபவர்களுக்கு மார்கரெட் ரிவரையும் பரிந்துரைப்பேன்.

எப்போது போவது

நம் பள்ளி விடுமுறைகளுள் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரையிலான நாள்களே மிகவும் ஏற்றவை. அப்போது நம் பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கிவிடுகிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கோ இன்னும் பள்ளி நடக்கிறது. அதனால் பூங்காக்களில் இடம் கிடைக்கும், வாடகையும் கட்டுக்குள் இருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கியதும் உள்ளூர்க் குடும்பங்கள் திரளாக வந்துவிடுகின்றன. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் அந்த நாள்களில் இடம் கிடைப்பது அரிது. செப்டம்பரின் ஒரு வார விடுமுறையும் நல்லதுதான், காட்டுப் பூக்கள் மலரத் தொடங்கும் காலம் அது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களைக் கொண்ட கம்பராங் பருவத்தில்தான் பூக்கள் நிறைந்திருக்கும். ஜூன் விடுமுறை நீளமானது என்றாலும், அது அங்கே மழையும் குளிர்காற்றும் கூடிய காலம். மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆனால் திமிங்கிலங்களைப் பார்ப்பதே உங்கள் முதல் ஆசை என்றால், அகஸ்டாவின் ஃபிலிண்டர்ஸ் விரிகுடாவுக்கு அவை வந்துசேர்வது அந்தக் குளிர்காலத்தில்தான்.

எந்த வண்டி

கேரவன் விடுமுறை என்று சொல்லும்போது மூன்று வகைகள் உள்ளன. முதலாவது, பூங்காவிலேயே நிரந்தரமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் கேரவனையோ சிறு மரவீட்டையோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சுற்றிப் பார்க்கத் தனியாக ஒரு காரை வைத்துக்கொள்வது. இரண்டாவது, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த கேம்பர்வேனை ஓட்டிச் செல்வது. மூன்றாவது, காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துச் செல்வது.

மூன்றாவதை முதல் பயணத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன். இழுவண்டியோடு பின்னோக்கி எடுப்பதும், காற்றில் அது அசையும்போது நிதானமாக வேகத்தைக் குறைப்பதும், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் கூடுதல் தொலைவைக் கணிப்பதும் பழகிய கைகளுக்கே வரும். சிங்கப்பூர்ச் சாலைகளில் அந்தப் பழக்கம் நமக்குக் கிடைப்பதில்லை.

கேம்பர்வேன் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மொத்த எடை நாலரை டன் வரையுள்ள வண்டிகளைச் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். ஆயினும் ஒரே இடத்தில் தங்கும் நம் திட்டத்துக்கு அதில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது: பால் பாக்கெட் வாங்கப் போவதற்கும் மின்கம்பியைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, அடுக்களைப் பாத்திரங்களை உள்ளே பூட்டி, வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும். தாத்தா பாட்டியோடு போகும் குடும்பங்களுக்கு நிலையான கேரவனும் ஒரு காருமே பொருத்தம். ஒருவர் களைப்பாக இருந்தால் வண்டியிலேயே படுத்திருக்கலாம், மற்றவர்கள் வெளியே போய்வரலாம். பதிவு செய்யும் முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: போர்வை, தலையணை உறை, துண்டு ஆகியவை தருகிறார்களா, கழிப்பறை வண்டிக்குள் உள்ளதா அல்லது பொதுக் கட்டடத்திலா, வெப்பமூட்டி இருக்கிறதா. நவம்பரில்கூட இரவில் வெப்பநிலை 10 பாகையை ஒட்டி இறங்கக்கூடும்.

வெளியில் தூங்கியே பழகாத குடும்பமாக இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி பெற்று ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ ஓர் இரவு கூடாரத்தில் தங்கிப் பாருங்கள். யாருக்கு எந்தத் தலையணை வேண்டும், யார் இரவில் எத்தனை முறை எழுவார் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

தாள்களும் தின்பண்டங்களும்

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் கைப்பேசிச் செயலி வழியாக மின்னியல் பயண அனுமதியைப் பெற்றுக்கொள்ளலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு அந்த வழி கிடையாது. அவர்கள் 600 என்னும் பிரிவில் வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் சிலர் அந்தக் கடப்பிதழிலும் சிலர் இந்தக் கடப்பிதழிலும் இருப்பது நம்மிடையே சகஜம் என்பதால், விமானச் சீட்டு வாங்கும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

உணவு விஷயத்தில் ஆஸ்திரேலியா மிகவும் கண்டிப்பானது. விமானத்தில் தரும் வருகை அட்டையில், கொண்டுவந்த உணவுப் பொருள் எதுவானாலும் ‘ஆம்’ என்று குறித்துவிட வேண்டும். அறிவித்துவிட்டால், ஆகாததை அவர்கள் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். மறைத்தால் பெருந்தொகை அபராதம் வரும். தேக்கா சந்தையில் வாங்கிய பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பழங்கள், வீட்டில் செய்த கருவாட்டுக் குழம்பு, கறி வறுவல் ஆகியவற்றைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். கடையில் முத்திரையிட்டு விற்கும் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, மிளகாய்த்தூள் போன்றவற்றைப் பிரிக்காத பொட்டலமாக எடுத்துச்சென்று, ஒரே பையில் மேலாக வைத்துக்கொண்டால், அதிகாரி கேட்டவுடன் காட்டிவிடலாம். அரிசியையும் பருப்பையும் சுமக்கத் தேவையில்லை. பெர்த்தின் தெற்குப் புறநகர்களில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. தெற்கே கிளம்பும் வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதே பக்கத்தில், க்வினானா விரைவுச்சாலையிலிருந்து சற்று விலகி, மண்டோகலப் என்னும் இடத்தில் பாலமுருகன் கோயில் இருக்கிறது. நெடுந்தூரம் வண்டி ஓட்டும் முன் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம்.

பூங்காவுக்குள் நுழைந்ததும்

பெரும்பாலான பூங்காக்களில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இடம் தருவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் முதன்முறையாகக் குழாயும் கம்பியும் பொருத்துவது யாருக்கும் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

கேம்பர்வேன் எடுத்தவர்கள் முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். சரிவில் நின்றால் தொட்டித் தண்ணீர் வடியாது, படுத்தால் தலைப்பக்கம் தாழும். பிறகு மின்சாரம். கம்பத்திலுள்ள விசையை அணைத்துவிட்டு, கம்பியின் ஒரு முனையை முதலில் வண்டியில் செருகி, மறுமுனையைக் கம்பத்தில் செருகி, அதன் பின்னரே விசையைப் போடுங்கள். மீந்த கம்பியைச் சுருட்டியபடியே விட்டுவிடாதீர்கள். சுருளாகக் கிடக்கும் கம்பியில் மின்சாரம் ஓடும்போது அது சூடேறும், ஆகவே தரையில் தளர்வாகப் பரப்பிவிட வேண்டும். அடுத்தது தண்ணீர். குழாயைச் சில நொடிகள் திறந்துவிட்டு, உள்ளே தேங்கிய பழைய நீர் வெளியேறியபின் வண்டியோடு இணையுங்கள். கழிவுநீர்க் குழாயின் முனை தரையில் உள்ள வடிகாலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எரிவாயு உருளையைக் கடைசியாகத் திறக்க வேண்டும், கிளம்பும்போது முதலாவதாக மூட வேண்டும். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி அடுப்பு மேலுள்ள கதவில் ஒட்டிவிட்டு, சரிபார்க்கும் பொறுப்பைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்தால், ஒன்றும் விட்டுப்போகாது.

வண்டிக்குள் கழிப்பறை இருந்தாலும் அதை நள்ளிரவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அதன் பெட்டியை அதற்கென உள்ள இடத்தில் நாம்தான் கையுறை போட்டுக்கொண்டு கொட்டிக் கழுவ வேண்டும். பூங்காக்களின் பொதுக் குளியலறைகளோ பொதுவாகச் சுத்தமாகவும் வெந்நீர் வசதியோடும் இருக்கின்றன.

நம் மின்செருகிகள் அங்கே பொருந்தா. மின்னழுத்தம் ஒன்றுதான், செருகியின் வடிவம்தான் வேறு. மாற்றி இரண்டும், பல துளைகள் உள்ள நீட்டிப்புப் பலகை ஒன்றும் இருந்தால் எல்லாரின் கைப்பேசிக்கும் போதும்.

சமையல்

கேரவன் அடுப்பில் நம் சமையலைத் தாராளமாகச் செய்யலாம், தாளிப்பைத் தவிர. எண்ணெயில் கடுகும் வற்றல் மிளகாயும் பொரிந்தால், அந்தச் சிறு இடத்தில் புகையுணர்கருவி அலறத் தொடங்கிவிடும். வாசனை மெத்தைத் துணியில் ஏறினால் நாள்கணக்கில் போகாது, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்திகரிப்புக் கட்டணமும் கேட்பார்கள். அதற்குத் தீர்வு எளிது. பூங்காவின் பொதுச் சமையற்கூடம் பெரும்பாலும் காற்றோட்டமாக, பக்கங்கள் திறந்தபடி இருக்கும். முதல் மாலையிலேயே அங்கே போய், ஐந்து நாள்களுக்கும் வேண்டிய வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டை ஒன்றாக வதக்கித் தாளித்துச் சிறு டப்பாக்களில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அதன்பின் வண்டியில் கொதிக்க வைப்பது மட்டுமே வேலை. காலையில் ரவை உப்புமா, பகலுக்குத் தயிர்ச்சோறு அல்லது எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால், மாலையில் எல்லாரும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட ஒரு வேளைச் சமையல் போதும். பூங்காவின் மின்சாரச் சுடுதட்டில் மீனையோ பனீரையோ மசாலா தடவிச் சுட்டால், பக்கத்து வண்டிக்காரர்கள் நிச்சயம் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு தட்டு அவர்களுக்கும் எடுத்து வையுங்கள். எந்தக் கடற்கரையில் அன்று காற்று குறைவு என்பதைச் சுற்றுலாக் கையேட்டைவிட அவர்களே சரியாகச் சொல்வார்கள்.

நாளுக்கு ஓர் இடம்

பஸல்டனின் மரத் தோணித்துறையிலிருந்து தொடங்கலாம். 1865இல் கட்டத் தொடங்கிய இத்துறை, பிறகு படிப்படியாக நீண்டு, இன்று 1,841 மீட்டர் கடலுக்குள் போகிறது. சின்னஞ்சிறு ரயில் ஒன்று அதன்மேல் ஓடுகிறது. முனையில், கடல் மட்டத்துக்குக் கீழே 8 மீட்டர் ஆழம் வரை இறங்கிப் பார்க்கும் கண்காணிப்புக் கூடம் உள்ளது. வடக்கேயிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் லீவின் நீரோட்டத்தின் காரணமாக, இவ்வளவு தெற்கிலும் அந்த மரத்தூண்களில் பவளமும் கடற்பஞ்சும் படர்ந்திருக்கின்றன. கண்ணாடிக்கு அப்பால், ஒரு தூணின் ஊதாவும் ஆரஞ்சும் கலந்த பரப்பைச் சிறு மீன்கள் கொத்திக் கொத்தி விலகுவதைப் பிள்ளைகள் நகராமல் பார்த்து நிற்பார்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள், அன்றைக்கு வேறு இடமே திட்டத்தில் இல்லை அல்லவா. காலை வேளையே சிறந்தது, கோடையில் பிற்பகலில் கடற்காற்று பலமாக வீசத் தொடங்கிவிடும். போகும்போது ரயிலில் போய், வரும்போது நடந்து வாருங்கள்.

இரண்டாவது நாளைக் கடலுக்கே கொடுத்துவிடலாம். டன்ஸ்பரோவைத் தாண்டியுள்ள மீலப் கடற்கரை, மேற்குக் கடலின் பேரலைகளுக்கு மறைவாக இருப்பதால் குளிக்க ஏற்றது. 1801இல் இக்கரையோரம் வந்த பிரெஞ்சுக் கப்பல்களின் பெயர்களையே ஜியோகிராஃப் விரிகுடாவும் நேச்சுரலிஸ்ட் முனையும் இன்றும் தாங்கி நிற்கின்றன. முனையைச் சுற்றி மேற்குப் பக்கம் போனால் கடலின் குணமே மாறிவிடும்: அங்கே பார்க்கலாம், இறங்கக் கூடாது. பாறைகளில் நின்று படமெடுக்கும்போது, காய்ந்திருக்கும் பாறையிலும் திடீரென ஒரு பேரலை ஏறி ஆளை இழுத்துவிடும். எச்சரிக்கைப் பலகைகளை வெறும் சடங்காக எண்ண வேண்டாம்.

குகைகளுக்கு ஒரு நாள். இந்த வட்டாரத்தின் சுண்ணாம்புப் பாறைத் தொடரில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை சிலவே. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் மூன்றாவது குகையில் கண்களுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு லேக் குகை: 300க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், அசையாத நீருக்குச் சற்று மேலே, கூரையிலிருந்து இரண்டு தூண்கள் தாங்கிப் பிடித்த பாறை மேசையொன்று தொங்கி நிற்கிறது. பெரியவர்கள் உடன் வந்தால் மேமத் குகையே நல்லது. அதை வழிகாட்டி இல்லாமல், ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, அவரவர் வேகத்தில் பார்க்கலாம். அழிந்துபோன பெருவிலங்குகளின் எலும்புகள் கிடைத்த குகை அது.

குகைச் சாலை எனப்படும் அந்தப் பாதையிலேயே போரானப் காடு வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் மரத்துக்காக வெட்டி முடிக்கப்பட்டு, தானாகவே மீண்டும் எழுந்த, கர்ரி என்னும் யூகலிப்டஸ் வகை மரங்களின் காடு இது. நம் இருபது மாடி அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு, 60 மீட்டர் வரை, வெளிறிய பட்டையோடு நேராக நிற்கும் மரங்கள். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பாயை விரித்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்திருங்கள்.

அகஸ்டாவுக்கு மட்டும் காலையிலேயே புறப்பட வேண்டும். 1895இல் எழுந்த லீவின் முனைக் கலங்கரை விளக்கம் 39 மீட்டர் உயரம் கொண்டது. இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சேரும் இடமென்று அங்கே காட்டுகிறார்கள். அருகில், கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர்களுக்காகத் தண்ணீர் இறைத்த மரச் சக்கரம், சுண்ணாம்பு படிந்து படிந்து கல்லாகவே மாறி நிற்பதையும் தவறவிடாதீர்கள். திரும்பும் வழியில் ஹேமலின் விரிகுடாவில் திருக்கை மீன்கள் கணுக்கால் ஆழத்து நீருக்கே வந்து உலவுவதுண்டு. தொடவோ தீனி போடவோ கூடாது. வாலில் விஷமுள் இருக்கிறது.

சனிக்கிழமை அங்கே இருந்தால், மார்கரெட் ரிவரின் காலைநேர விவசாயச் சந்தையை விட்டுவிடாதீர்கள். திராட்சைத் தோட்டங்களைப் பற்றி ஒரே வார்த்தை: வண்டி ஓட்டுபவர் அங்கே ஒயினைச் சுவைக்க வேண்டாம்.

பொழுது சாய்ந்தபின்

அந்தி வேளையிலும் விடியலிலும் கங்காருகள் சாலையைக் கடக்கும். நாட்டுப்புறச் சாலைகளில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. நம் விரைவுச்சாலைகளின் 90க்குப் பழகிய கைகளுக்கு அதுவே அதிகம், அந்த வேகத்தில் ஒரு கங்காரு குறுக்கிட்டால் வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. இருட்டியபின் ஊருக்கு வெளியே நேரும் விபத்துக்குக் காப்புறுதி கிடையாது என்று சில வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். ஏதேனும் விலங்கு குறுக்கே வந்தால் நேராகவே பிரேக் பிடியுங்கள், திடீரென வளைத்து ஒடிப்பதுதான் வண்டியைக் கவிழ்க்கும்.

மாலையில் பூங்காவிலேயே இருப்பவர்களுக்கு அதற்கான பலனும் உண்டு. பஸல்டன் பகுதியின் பெப்பர்மின்ட் மரங்களில், தென்மேற்கு ஆஸ்திரேலியாவைத் தவிர உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத மேற்கத்திய ரிங்டெயில் போசம் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு அது. மங்கிய கைவிளக்கைக் கிளைகளின் ஊடே மெல்லச் செலுத்தினால், இரண்டு கண்கள் மின்னும்; சற்றுப் பொறுத்தால், நுனி வெளுத்த நீண்ட வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு அது இலை தின்பது தெரியும். பத்து மணிக்குமேல் பூங்காவில் அமைதி காக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நம் குடும்ப அரட்டையின் ஒலியளவு எல்லாருக்கும் தெரிந்ததே, ஆகவே பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெயில் காலத்தில் காட்டுத்தீ அபாயம் மெய்யானது. முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் திறந்தவெளியில் எந்த நெருப்பும் மூட்டக் கூடாது. அவசர எச்சரிக்கைகளைத் தரும் எமர்ஜென்சி டபிள்யூஏ செயலியைக் காலையில் ஒருமுறை பாருங்கள். அவசர உதவிக்கு எண் 000. புல்வெளியில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், பாம்புகள் உள்ள நாடு.

திரும்பும் நாள்

பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். முந்திய மாலையே கழிப்பறைப் பெட்டியைக் கழுவி, மீந்த அரிசி பருப்பைப் பொதுச் சமையற்கூடத்தில் பிறருக்காக விட்டுவிடுங்கள். அதிகாலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவில் பஸல்டனிலிருந்து கிளம்பும் திட்டம் மட்டும் வேண்டாம், அது கங்காருகள் நடமாடும் நேரம். பகல் வெளிச்சத்தில் பெர்த்துக்கு ஓட்டிவந்து வண்டியை ஒப்படைத்துவிட்டு மாலை விமானத்தில் ஏறுங்கள். அது கிடைக்காவிட்டால் கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கழிக்க இப்போதே அறை பதிவு செய்துகொள்ளுங்கள்.